பாலைவனத்துக்கு ஸ்பேனர் பிடிக்கப் போகும் தம்பிகளுக்கு

என் பட்டறை கோலாலம்பூர் செகாம்புட்டில், ஜிங்க் கூரைக்குக் கீழே இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு உள்ளே வந்து நின்றால் தலைக்கு மேல் தோசைக்கல்லைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். அந்த நேரத்தில்தான் இந்தப் பிள்ளைகள் வருவார்கள். கழுத்தில் குட் மார்னிங் துண்டு, கையில் தே ஓ ஐஸ், அதாவது பால் விடாத ஐஸ் தேநீர். "அண்ணே, சவூதியில ஜெனரேட்டர் வேலை கிடைச்சிருக்கு, நீங்க அங்க இருந்தவராமே?" என்று ஆரம்பிப்பார்கள். வெயிலைப் பற்றி நான் வாயைத் திறந்தால் உடனே வரும் பதில், "செந்தூல்ல வளர்ந்தவன்ணே, நமக்கென்ன வெயில் புதுசா?"

புதுசுதான். பதினோரு வருஷம் அங்கே லோரி, கம்ப்ரஸர், ஜெனரேட்டர் என்று பார்த்துவிட்டு வந்தவன் சொல்கிறேன். நம் ஊர்ப் பொமென் (மெக்கானிக்) அங்கே மாட்டிக்கொள்வது வெயில் தெரியாததால் இல்லை, தெரியும் என்ற நினைப்பால். இங்கே பழகிய பழக்கங்களில் பாதி அங்கே வேலைக்கு ஆகாது. எந்தப் பாதி என்பதைத்தான் கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டும்.

மலேசியாவில் இதுவரை பதிவான அதிகபட்ச வெப்பம் 40.1 டிகிரி. 1998 ஏப்ரல் 9, பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில். கோலாலம்பூரில் 33, 34 டிகிரி வந்தாலே நாம் புலம்ப ஆரம்பித்துவிடுவோம். குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலை 21 அன்று 53.9 டிகிரி. அந்தப் பக்கம் கோடையில் 45 டிகிரி என்பது சாதாரண நாள். ஆனால் எண்ணைப் பார்த்து யாரும் ஏமாறுவதில்லை, எல்லாரும் பயந்துதான் போகிறார்கள். ஆளை ஏமாற்றுவது வேர்வை.

நான் போன மூன்றாம் நாள். ரியாத்துக்குக் கிழக்கே ஒரு கம்ப்ரஸருக்கு பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தேன். காலை பதினொரு மணி இருக்கும். சட்டை காய்ந்தே கிடந்தது. வேர்க்கவே இல்லையே, அப்புறம் எதற்குத் தண்ணீர் என்று கேனைத் தொடவில்லை. பக்கத்தில் வேலை செய்த பெஷாவர்க்காரப் பெரியவர் ஒருவர் வந்து பேசாமல் என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கினார். 17 நம்பர் ஸ்பேனரை 13 நம்பர் போல்ட்டில் வைத்து வெகுநேரமாகத் திருகிக்கொண்டிருந்திருக்கிறேன். இருபது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு சைஸ் சொல்கிறவன் நான். என் கறுப்புச் சட்டையின் முதுகை நகத்தால் சுரண்டிக் காட்டினார். வெள்ளையாக உதிர்ந்தது. உப்பு.

காலையிலிருந்து வேர்த்துக் கொட்டியிருக்கிறது. வந்த வேகத்திலேயே காய்ந்தும் போயிருக்கிறது. கோலாலம்பூரில் வேர்வை சொட்டும், சட்டை ஒட்டும், அதுவே தண்ணீர் குடி என்று ஞாபகப்படுத்தும். அங்கே அந்த மணி அடிக்காது.

பெரியவர் என் துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுவிட்டு லோரி நிழலில் உட்கார வைத்தார். காற்று அடித்தது. கொஞ்ச நேரத்தில் அந்தத் துண்டு ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி ஆகிவிட்டது. தொட்டுப் பார்த்து எனக்கே நம்பிக்கை வரவில்லை.

கணக்கு இதுதான். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோகலோரி போதும். அதே ஒரு லிட்டர் வேர்வை தோலிலிருந்து ஆவியாகிப் போனால் ஏறக்குறைய 580 கிலோகலோரியை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். எட்டு மடங்கு. ஆனால் ஆவியாகிப் போக வேண்டும். தரையில் சொட்டிய வேர்வையால் உடம்புக்கு ஒரு லாபமும் இல்லை. 45 டிகிரி வெயில், 10 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில், நிழலில் தொங்கும் ஈரத்துணி சுமார் 21, 22 டிகிரி வரை குளிரும். நம் பட்டறையில் 33 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம் என்றால் அதே துணி 27, 28 டிகிரியோடு நின்றுவிடும். இங்கே முகம் துடைக்க மட்டும் பயன்படும் குட் மார்னிங் துண்டு அங்கே ஏர்கான் மாதிரி வேலை செய்வது இதனால்தான்.

கிளம்பும் முன்

மஸ்ஜித் இந்தியா கடைத்தெருப் பக்கம் போய் அரை டஜன் குட் மார்னிங் துண்டு வாங்குங்கள். பருத்தித் துண்டாக இருக்கட்டும், மெல்லியதாக இருந்தால் இன்னும் நல்லது. முழுக்கை வைத்த தளர்வான காட்டன் சட்டை நாலு. நம் பையன்கள் எல்லாரும் பந்து விளையாடும் ஜெர்சியைத்தான் வேலைக்கும் மாட்டுகிறார்கள். வெல்டிங் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் துணி அது, அரைக்கை வேறு. கையை மூடினால் வேர்க்கும் என்பது இங்கத்திய நியாயம். அங்கே மூடாத கை வெயிலிலேயே வெந்துவிடும். அரபுக்காரர்கள் தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டு திரிவது சும்மா இல்லை.

பார்மசியில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, சீனித் தூள்) ஒரு பெட்டி. கையோடு அங்கேயே இன்னொன்றும் கேளுங்கள். பிரஷர் மாத்திரை, சளி மாத்திரை, மனநல மாத்திரை எதுவாவது தினமும் சாப்பிடுகிறீர்கள் என்றால், வெயிலில் உடம்பு குளிர்வதை அது தடுக்குமா என்று மருந்தாளரிடமோ டாக்டரிடமோ விசாரியுங்கள். சில மாத்திரைகள் வேர்வையைக் குறைக்கும், சில தண்ணீரை வெளியேற்றும். தானாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

எந்த ஊர் என்று கேட்காமல் கிளம்பாதீர்கள்

"கல்ஃப்" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ரியாத் போல உள்நாடு என்றால் உலர் சூடு, துண்டு வித்தை அருமையாகப் பலிக்கும். தோஹா, துபாய், தம்மாம் போல கடலோரம் என்றால் ஆகஸ்ட் மாதத்தில் நம் ஊர் ஈரமும் அவர்கள் ஊர் வெப்பமும் கூட்டுச் சேர்ந்துகொள்ளும். 40 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் என்றால் ஈரத்துணி 31 டிகிரிக்குக் கீழே இறங்காது. 2003 ஜூலையில் சவூதியின் தஹ்ரானில் காற்றின் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் சூடு, 35 டிகிரி என்று பதிவாகியிருக்கிறது. அந்த மாதிரி நேரத்தில் எவ்வளவு நனைத்தாலும் துணி 35க்குக் கீழே போகாது, அதாவது தோலின் சூட்டிலேயே நிற்கும். அங்கே துண்டை நம்பாதீர்கள். ஏர்கான் அறையில் இளைப்பாறுவது, ஐஸ், நேரத்தை மாற்றிக்கொள்வது, இந்த மூன்றுதான் வழி.

இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒரு எச்சரிக்கை: காற்றாடி. தோலின் சூடு 35 டிகிரி அளவில் இருக்கும். 45 டிகிரிக் காற்றைக் காய்ந்த உடம்பில் காற்றாடி அடித்தால் அது ஹேர் டிரையர், வேறொன்றுமில்லை. உடம்பை நனைத்துக்கொண்டு காற்றாடி முன் நின்றால் கதையே வேறு. உள்நாட்டில் வைக்கோல் மெத்தையில் தண்ணீர் ஊறும் டெசர்ட் கூலர் இருந்தால் அதன் பக்கமாக வேலையை இழுத்துக்கொள்ளுங்கள். அதையே இங்கே வாங்கி வைத்த என் மச்சான் வீட்டில் சுவர் முழுக்கப் பூஞ்சை பிடித்ததுதான் மிச்சம்.

முதல் வாரம்: வேலைக்காரன் என்று காட்டிக்கொள்ளாதீர்கள்

இதுதான் நம் ஆட்களுக்குக் கஷ்டம். புது இடம், சூப்பர்வைசர் பார்க்கிறான், சோம்பேறி என்று நினைத்துவிடுவானோ என்று முதல் நாளே முழுமூச்சாக இறங்குகிறோம். வெயிலால் இறந்துபோகும் தொழிலாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே போகிறார்கள் என்றும், 70 சதவீதத்துக்கு மேல் முதல் வாரத்துக்குள் போகிறார்கள் என்றும் அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா சொல்கிறது.

வெயிலுக்கு உடம்பு பழக 7 முதல் 14 நாள் ஆகும். பழகிய உடம்பு சீக்கிரமே வேர்க்கத் தொடங்கும், அதிகமாக வேர்க்கும், வேர்வையில் உப்பைக் குறைவாக விடும். கோலாலம்பூர் சூட்டில் கொஞ்சம் பழகித்தான் போகிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் 45 டிகிரிக்கு அது போதாது. புது ஆளுக்கான விதி, முதல் நாள் வெயில் வேலையில் 20 சதவீதம் மட்டும், பிறகு ஒரு நாளைக்கு 20 சதவீதத்துக்கு மேல் கூட்டாமல் ஐந்தாம் நாள் முழு வேலை. எட்டு மணி நேர ஷிப்ட் என்றால் முதல் நாள் வெயிலில் ஒன்றரை மணி நேரம்தான். மிச்ச நேரம் ஸ்டோரில் சாமான் அடுக்குங்கள், கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவுங்கள், பில்டர் எண்ணுங்கள். இதைப் போர்மேனிடம் முதல் நாளே வாய்விட்டுக் கேளுங்கள். அங்கே ரொம்ப நாள் இருந்தவன் எவனும் சிரிக்க மாட்டான்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12 முதல் 3 மணி வரை நேரடி வெயிலில் வேலை வாங்கக் கூடாது. அமீரகத்தில் அதே தேதிகள், 12.30 முதல் 3 மணி. குவைத்தில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காலை 11 முதல் மாலை 4 வரை. கத்தாரில் 2021 முதல் ஜூன் 1 தொடங்கி செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை. தவிர, எந்த மணியாக இருந்தாலும் டபிள்யூ.பி.ஜி.டி. என்ற அளவு 32.1ஐத் தாண்டினால் அங்கே வேலையை நிறுத்த வேண்டும். அது சாதாரணத் தெர்மாமீட்டர் எண் இல்லை. ஈரத்திரி சுற்றியது, கறுப்புக் குண்டுக்குள் வைத்தது, நிழலில் வைத்தது என்று மூன்று அளவுகளைச் சேர்த்துப் போடும் கணக்கு. அதில் ஈரத்திரிக்கு மட்டும் 70 சதவீத மதிப்பு. ஏன் என்று இந்நேரம் உங்களுக்கே புரிந்திருக்கும்.

நிழல், இரும்பு, மண்

வேலை அதிகாலை நாலு மணிக்குத் தொடங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். தலையில் கட்டும் விளக்கு ஒன்று அவசியம். பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கும்.

வண்டியை நிறுத்தும்போதே யோசியுங்கள். காலையில் வெயில் கிழக்கிலிருந்து வருகிறது, பழுது மேற்குப் பக்கம் விழும்படி நிறுத்தினால் ஒரு காசு செலவில்லாமல் நிழல். தார்ப்பாய் கட்டினால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு, நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். மேல் பாய் வெயிலை வாங்கிக்கொள்ளும், இடையில் காற்று ஓடும், கீழ்ப் பாய் சுடாது. தாழக் கட்டினால் அடியில் காற்றுப் போகாது, தலை நிமிர்ந்து நிற்கிற உயரமாவது வேண்டும்.

வண்டிக்கு அடியில் படுத்தால் நிழல்தானே என்று தோன்றும். எக்ஸாஸ்ட் சூடு மேலிருந்து, மண் சூடு கீழிருந்து. வெயில் பட்ட மணலின் மேற்பரப்பு 70 டிகிரியைத் தொடும். ஒட்டுப்பலகையோ தடித்த அட்டையோ போடாமல் படுக்காதீர்கள். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வெளியே வந்து காற்றில் நில்லுங்கள்.

ஸ்பேனர் பெட்டியைத் திறந்தபடி வெயிலில் விட்டவன் அதே தப்பை இன்னொரு தரம் செய்ய மாட்டான். 60 டிகிரி இரும்பை ஐந்து விநாடி இறுகப் பிடித்தாலே தோல் வெந்துவிடும். பெட்டியை மூடி வண்டிக்கு அடியில் தள்ளுங்கள், மேலே ஈரச்சாக்கு. வேலைக்கு வேண்டிய நாலு சாமானை மட்டும் எடுத்து ஒரு துணியில் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தோல் கையுறை இரண்டு ஜோடி வேண்டும், ஒன்று வேர்வையில் நனைந்தால் மற்றொன்று.

ரேடியேட்டர் மூடி விஷயத்தில் நம் ஊர் வீரம் வேண்டாம். இங்கே ஈரத்துணியைப் போட்டுக் கால் சுற்று திறந்து புஸ்ஸென்று விடுவோம். அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கும், மூடி திறந்த கணமே நீராவியாகி முகத்துக்கு வரும். 45 டிகிரிக் காற்றில் எஞ்சின் ஆறுவதற்கு நீங்கள் நினைப்பதைவிட ரொம்ப நேரம் பிடிக்கும். பானெட்டைத் திறந்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். முடிந்தால் பொருளைக் கழற்றி நிழலுக்கு எடுத்துப் போங்கள். ஆல்டர்னேட்டரைக் கழற்றும் கால் மணி நேரம் மட்டும் வெயிலில், பிரஷ் மாற்றும் முக்கால் மணி நேரம் கேபினுக்குள். வேலையை இப்படி வெயில் வேலை, நிழல் வேலை என்று பிரிக்கத் தெரிந்தவனே அங்கே நல்ல பொமென்.

இன்னொன்று. கம்ப்ரஸர் ஹோஸைச் சட்டைக்குள் விட்டு ஜில்லென்று அடித்துக்கொள்ளும் பழக்கம் நம் பட்டறைகளில் எல்லாருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. தோலில் சின்னக் கீறல் இருந்தால்கூட அந்த அழுத்தம் காற்றை உள்ளே தள்ளும், கண்ணும் காதும் போகும். பிரேக் கிளீனரைக் கழுத்தில் அடித்துக்கொள்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தீப்பிடிக்கும் சாமான், பக்கத்தில் ஒருவன் கிரைண்டர் ஓட்டிக்கொண்டிருப்பான்.

அதற்குப் பதிலாக முழங்கைவரை இரண்டு கையையும் ஒரு வாளிக் குளிர்ந்த தண்ணீரில் பத்து, பதினைந்து நிமிஷம் அமிழ்த்தி வையுங்கள். கையில் ரத்த ஓட்டம் அதிகம், உடம்புச் சூடு இறங்கும். தீயணைப்பு வீரர்கள் செய்யும் முறை இது. கடலோரத்தில், துண்டு பலிக்காத நாளில், என்னைக் காப்பாற்றியது இந்த வாளிதான்.

தண்ணீர்

தாகத்துக்குக் காத்திருக்காமல் 15, 20 நிமிஷத்துக்கு ஒரு கிளாஸ். கடுமையான வேலையில் மணிக்கு ஒரு லிட்டர் வேர்வை போவது சாதாரணம். அதற்காக ஒரே மூச்சில் இரண்டு லிட்டரைக் கவிழ்க்காதீர்கள். மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அது தனி ஆபத்து. சாப்பாட்டை விடாமல் சாப்பிட்டால் உப்பு தானாக வந்துவிடும். அங்கே கிடைக்கும் லபன் நம் மோர்தான், உப்புப் போட்டு மதியத்துக்குக் குடியுங்கள். கெண்டைக்கால் இழுக்க ஆரம்பித்தால் ஓ.ஆர்.எஸ். குடியுங்கள். பொட்டலம் தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலைதட்டி. உப்பைக் கூட்டாதீர்கள். சிறுநீர் தே ஓ நிறத்தில் போனால் பின்தங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கூட்டாளி உளற ஆரம்பித்தால்

தலைவலி, வாந்தி, தலைசுற்றல் என்றால் உடனே நிழல், தண்ணீர், ஓய்வு. ஆனால் பேச்சுக் குழறினால், காரணமில்லாமல் கோபப்பட்டால், தப்பான ஸ்பேனரை வைத்துத் திருகிக்கொண்டே இருந்தால் அது அடுத்த கட்டம். உடம்புச் சூடு 40ஐத் தாண்டியிருக்கலாம். வேர்வை நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், வேலை செய்து விழுகிறவனுக்கு வேர்வை கொட்டிக்கொண்டே இருக்கும். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு அந்த நொடியிலிருந்தே குளிர்விக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி இருந்தால் கழுத்துவரை இறக்கித் தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பூட்ஸைக் கழற்றி, சட்டையைக் கிழித்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ். நினைவு தப்பியவன் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சவூதியில் 997, அமீரகத்தில் 998, கத்தாரில் 999, குவைத்தில் 112, ஓமானில் 9999. இறங்கிய அன்றே போனில் பதிந்துகொள்ளுங்கள். முகாமின் இடக்குறிப்பையும் சேர்த்து எழுதிவையுங்கள், பாலைவனத்தில் தெருப்பெயர் கிடையாது.

லீவு முடிந்து திரும்பும்போது

ஆவணியில் தங்கச்சி கல்யாணம் என்று மூன்று வாரம் வீட்டுக்கு வருவீர்கள். ஏர்கான் மண்டபம், விருந்து, ராத்திரி மாமாக் கடை. பாலைவனத்தில் பழகிய பழக்கத்தில் பெரும்பகுதியை உடம்பு அதற்குள் மறந்துவிடும். செப்டம்பரிலும் அங்கே வெயில் ஓய்ந்திருக்காது. திரும்பிப் போன முதல் நாள் பாதி வேலை, அடுத்த நாள் 60 சதவீதம், மூன்றாம் நாள் 80, நாலாம் நாள்தான் முழுசு. நான் ஒரு தரம் இதை மறந்து, விமானத்திலிருந்து இறங்கிய மறுநாளே கிரேன் மேல் ஏறிவிட்டேன். அதே பெஷாவர்ப் பெரியவர் கீழே நின்று, ஒரு வார்த்தை பேசாமல், நனைத்த துண்டைத் தூக்கிக் காட்டினார். இறங்கி வந்தேன்.